புள்ளி இல்லாத நீளமான ஈ

பிப்ரவரி 17. ராணி ஒன்று, மஞ்சள் புள்ளி. விலை 480, தபால் 65.
மார்ச் 10. ராணி ஒன்று, மஞ்சள் புள்ளி. விலை 480, தபால் 65.
ஏப்ரல் 4. ராணி ஒன்று, மஞ்சள் புள்ளி. விலை 480, தபால் 65.
ஏப்ரல் 29. ராணி ஒன்று, மஞ்சள் புள்ளி. விலை இல்லை, தபால் 65.

முதல் மூன்று ராணிகளும் செத்துப்போயின. மூன்றும் ஒரே பெட்டியில், ஒரே கூட்டத்தின் கையால். ஏன் செத்தன என்பதைக் கண்டுபிடிக்க முத்திரைக்கு ஐம்பத்தாறு நாள் பிடித்தது. விடை அதில் நாற்பத்திரண்டு நாளும் அவருடைய பதிவேட்டிலேயே, அவர் கையெழுத்திலேயே இருந்தது. அதுதான் அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை.

முத்திரை என்பது அவருக்குக் கடைக்காரர்கள் வைத்த பெயர். எடை அளவைத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாக ஏறி இறங்குவார். தராசையும் எடைக்கல்லையும் சோதிப்பார். சரியாக இருந்தால் முத்திரை குத்துவார். முத்திரை இல்லாத கல் எவ்வளவு சரியான எடையாக இருந்தாலும் அவருக்கு அது கல்லே இல்லை. "சார், வேணும்னா நிறுத்துப் பாருங்களேன்" என்று கடைக்காரர் கெஞ்சினால், "நிறுத்துப் பாக்குறது என் வேலை, நிறுத்துக் காட்டுறது உங்க வேலை இல்லை" என்று பறிமுதல் ரசீதை எழுதத் தொடங்கிவிடுவார்.

அவர் ஓய்வு பெற்ற நாளன்று, அலுவலகத்தில் மாதிரி எடைக்கற்கள் வைக்கும் அலமாரிக்குள் ஒரு தேனீக் கூட்டம் வந்து இறங்கியது. எல்லோரும் வெளியே ஓடினார்கள். பிரிவு உபசார உரை பாதியில் நின்றது. இவர் மட்டும் உள்ளே இருந்தார். இருபது கிலோ கல் வைக்கும் மரப்பெட்டியைக் காலி செய்து, கூட்டத்தை அட்டையால் மெல்லத் தள்ளி உள்ளே விட்டு, மூடி, கயிறு கட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்தார். முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குத் துறை அவருக்குக் கொடுத்த ஒரே பரிசு அது என்று மனைவி சொல்வாள். அவள் சொன்னது தப்பில்லை. ஒரு கைக்கடிகாரம் தருவதாக இருந்தார்கள். அது அந்தக் களேபரத்தில் எங்கோ போய்விட்டது.

பெட்டி மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இடம்பிடித்தது. நாலு மாடிக் குடியிருப்பு, பதினான்கு வீடுகள். முதல் வருஷம் எல்லா வீட்டுக்கும் ஒரு சிறு புட்டி தேன் போனது, ஒருவரும் முணுமுணுக்கவில்லை. இரண்டாம் வருஷம் கூட்டம் பெருத்தது, குணம் கெட்டது. துணி காயப்போடப் போன பெண்கள் படியில் உருண்டு இறங்கினார்கள். ஜனவரி 12 அன்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் தொட்டியைப் பார்க்கப் போனார். இடது காதில் இரண்டு கொட்டு. காது உள்ளங்கை அகலத்துக்கு வீங்கியது.

செயலாளர் கூச்சல் போடவில்லை. கடிதம் எழுதினார். ஜூன் 30 அன்று தாம் முகவலை இல்லாமல் பெட்டிக்கு முன்னால் பத்து நிமிடம் நிற்கப் போவதாகவும், ஒரு கொட்டு விழுந்தாலும் பெட்டி அன்றே இறங்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. கீழே கையெழுத்து, சங்கத்தின் வட்ட முத்திரை.

"ஒழுங்கான கடிதம்" என்றார் முத்திரை, இரண்டு முறை படித்துவிட்டு.

"நம்ம பெட்டியைத் தூக்கச் சொல்றாரு. நீங்க கடிதத்துக்கு மார்க் போடுறீங்க" என்றாள் மனைவி. அவள் பிரசவ வார்டில் முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவள். வலி, கத்தல், ரத்தம் எதற்கும் அசையாதவள், தேனீக்கு மட்டும் பயப்படுவாள். பெட்டி வந்த பிறகு மாடிக்குப் போனதே இல்லை.

கூட்டத்தின் குணம் ராணியின் குணம். பெட்டியில் உள்ள அத்தனையும் அவள் பெற்றவை. ராணியை மாற்றினால், புதியவள் இடும் முட்டைகள் ஈயாகிப் பழையவை செத்து ஒழிய இரண்டு மாதம் பிடிக்கும், பிறகு கூட்டமே வேறு கூட்டம். சாதுவான இனத்து ராணிகளை வளர்த்துத் தபாலில் அனுப்புகிறவர் ஒருவர் வெகுதூரத்தில் இருந்தார். முத்திரை அவருக்கு எழுதினார். கணக்குப் போட்டுப் பார்த்தார்: ஏப்ரல் முடிவதற்குள் புது ராணி உள்ளே நிலைத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வந்தால் ஜூன் 30-க்குள் குணம் மாறாது.

பழைய ராணியைப் பிப்ரவரி 16 அன்று எடுத்தார். அவளைக் கண்டுபிடிப்பது அவருக்குச் சுலபம். முதல் வருஷமே அவள் முதுகில் ஒரு நீலப் புள்ளி வைத்திருந்தார், எடைக்கல்லின் அடியில் பூசும் அதே நீல எனாமலில். இருபது நிமிடம், பதினொரு கொட்டு. நீலப் புள்ளி ஸ்பிரிட் புட்டிக்குள் போனது. புட்டியின் மேல் தேதியோடு ஒரு சீட்டை ஒட்டினார்.

"கொன்னது போதாதா? பேரும் எழுதி ஒட்டணுமா?" என்றாள் மனைவி.

பதிவேட்டில் எழுதினார்: பெட்டியில் ராணி, இல்லை.

மறுநாள் தபால்காரர் உறையைக் கையை நீட்டிப் பிடித்தபடி மாடிப்படி ஏறி வந்தார்.

"சார், இது உள்ள இருந்து முணுமுணுக்குது. முதல்ல வாங்கிக்குங்க, கையெழுத்து அப்புறம் போடலாம்."

"கையெழுத்துதான் முதல்ல."

"உங்களை மாதிரி ஆளுங்களுக்குத்தான் இந்த மாதிரி தபால் வருது" என்று பேனாவை நீட்டினார் தபால்காரர்.

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய மரக்கூண்டு. ஒரு பக்கம் கம்பிவலை, ஒரு முனையில் சர்க்கரைப் பிசின் அடைத்த துளை. உள்ளே, வளர்ப்பவர் முதுகில் மஞ்சள் புள்ளி வைத்து அனுப்பிய ஒரு ராணி, கூட ஆறு பணிப்பெண் ஈக்கள். கூண்டை, பெட்டியின் மரச் சட்டங்களில் தொங்கும் அடைகளுக்கு நடுவே செருக வேண்டும். வெளியே உள்ள ஈக்கள் பிசினைத் தின்று துளையைத் திறக்க மூன்று நான்கு நாள் ஆகும். அதற்குள் அவள் வாசனை பழகிவிடும். ஏற்றுக்கொள்வார்கள்.

பிப்ரவரி 24 அன்று திறந்தார். கூண்டு காலி. அடைக் குழிகளில் புது முட்டைகள், நூல் துணுக்கு மாதிரி நின்றன. மஞ்சள் புள்ளி கண்ணில் படவில்லை. அதனாலென்ன, முட்டைதான் இருக்கிறதே. சிவப்பு மையில் எழுதினார்: ஏற்கப்பட்டது.

இரண்டு நாள் கழித்து, பெட்டி வாசலுக்குக் கீழே தகரத்தின் மேல் அவள் காய்ந்து கிடந்தாள், மஞ்சள் புள்ளியோடு.

சிவப்பு மையில் எழுதியதை அடித்துத்தான் ஆக வேண்டும். முப்பத்து நான்கு வருஷத்தில் அவர் பதிவேட்டில் ஒரு அடித்தல் இல்லை. அன்று சாப்பாட்டில் உப்பு இல்லை என்றார், ரேடியோ கத்துகிறது என்றார், கதவை யார் இப்படிச் சாத்துவது என்றார். கதவைச் சாத்தியது அவரேதான்.

இரண்டாவது ராணி மார்ச் 10 அன்று வந்தாள். 14 அன்று தகரத்தின் மேல் கிடந்தாள். இப்போது ராணி வளர்ப்பவர் ஒரு கேள்வி எழுதினார். அவர் கடிதங்கள் எப்போதும் ஏதாவது பழைய விதைக்கடை ரசீதின் பின்பக்கத்தில் இருக்கும். "முட்டை இருக்கிறது என்கிறீர்கள். குழிக்கு ஒன்றா, பலவா?"

முத்திரை உருப்பெருக்கிக் கண்ணாடியோடு மாடியேறி, பதினான்கு கொட்டு வாங்கிக்கொண்டு எண்ணினார். 212 குழிகள், குழிக்கு ஒன்று, நடுவில். அப்படியே எழுதினார்.

பதில்: "குழிக்குப் பல என்றால் வேலைக்கார ஈக்கள் இட்டவை. ஒன்றுதான் என்றால் உள்ளே ஒரு ராணி இருக்கிறாள். அவள் இருக்கும்வரை நான் அனுப்புகிறவளைக் கொல்வார்கள். தேடுங்கள்."

முத்திரைக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ராணி இல்லை என்று பதிவேட்டில் தேதி போட்டு எழுதியிருக்கிறார். ஸ்பிரிட் புட்டியில் ஆதாரம் இருக்கிறது. நாலு பக்கம் எழுதினார். இப்பெட்டியில் இருந்த ஒரே ராணி நீலப் புள்ளி இடப்பட்டவள் என்றும், அவள் பிப்ரவரி 16 அன்று அப்புறப்படுத்தப்பட்டாள் என்றும், அதன்பின் எட்டு முறை தேடியதில் புள்ளி உள்ள எதுவும் காணப்படவில்லை என்றும், குறை அனுப்பப்பட்ட ராணிகளிடமே இருக்கக்கூடும் என்றும் எழுதினார். இன்னொரு ராணிக்குப் பணத்தையும் சேர்த்து அனுப்பினார்.

ராணி வந்தாள். கூடவே ரசீதுத் தாளில் ஒரு வரி: "உங்கள் பணம், உங்கள் இஷ்டம்."

இந்த முறை பிசின் துளையின் மேல் ஒரு தகரத் துண்டை வைத்து அடைத்து, கூண்டை ஐந்து நாள் உள்ளேயே வைத்தார். ஏப்ரல் 9 அன்று தம் கையாலேயே திறந்துவிட்டார். மஞ்சள் புள்ளி அடையின் மேல் நாலு எட்டு வைத்தது. அவ்வளவுதான். ஒன்று பாய்ந்தது, பத்து பாய்ந்தன, கண் மூடித் திறப்பதற்குள் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஈக்கள் ஒரு பந்தாகச் சுருண்டன. பந்து சுடச்சுட இருந்தது. தண்ணீரைக் கொட்டினார், குச்சியால் பிரித்தார், விரலாலேயே பிரித்தார். நடுவில் அவள் கால் மடங்கிக் கிடந்தாள். கையெல்லாம் கொடுக்கு. கீழே இறங்கி வந்து, வலது கை வீங்கியபடியே, இடது கையால் நேரத்தைக் குறித்தார்.

மூன்று நாள் கழித்து வீக்கம் வடிந்தாலும் விரல் மடங்கவில்லை. ராணி வளர்ப்பவர் மேல் புகார் எழுத வேண்டும். மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"நான் சொல்லச் சொல்ல எழுது. அதுக்கு முன்னால பதிவேட்டை முதல்ல இருந்து படி. தேதி ஒண்ணும் தப்பிடக் கூடாது."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். பிப்ரவரி 16, பிப்ரவரி 17, பிப்ரவரி 24, அதில் ஒரு அடித்தல்.

"அதைப் படிக்க வேண்டாம்."

"மார்ச் 2" என்று படித்தாள். "மூன்றாம் சட்டம். முட்டை உண்டு. புழு உண்டு. நீளமான ஈ ஒன்று. புள்ளி இல்லை. விடப்பட்டது." நிறுத்தினாள். "இது யாரு?"

"யாரு?"

"நீளமான ஈ. யாருன்னு கேக்குறேன்."

"ஏதோ ஒரு ஈ. புள்ளி இல்லைன்னு எழுதியிருக்கேனே."

"எவ்வளவு நீளம்?"

"அளக்கலை." சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. அவர் எதையும் அளக்காமல் விட்டதில்லை.

"மத்த ஈயை விட நீளம். அதனாலதானே எழுதினீங்க? நடை எப்படி இருந்துச்சு?"

"ஈக்கு என்ன நடை?"

அவள் பேனாவை மூடி வைத்தாள். "முகவலை இன்னொண்ணு இருக்கா?"

அடுத்த நாள் காலை, பெட்டி வந்த பிறகு முதல் முறையாக அவள் மாடியேறினாள். மழைக்கோட்டு, அவருடைய பழைய பூட்ஸ், முகவலை, அதற்கும் மேல் ஒரு துண்டு. நாலடி தூரத்தில் நின்றாள். அவர் புகை ஊதி மூன்றாம் சட்டத்தைத் தூக்கிப் பிடித்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு புள்ளியைத் தேடினார்.

"இல்லை. எப்பவும் போலத்தான். ஒரு புள்ளிகூட..."

"அதோ" என்றாள்.

"எங்க?"

"உங்க கட்டைவிரலுக்குக் கீழ. நகராதீங்க. எல்லாம் அவளுக்கு வழிவிட்டு அவ பக்கம் திரும்பி நிக்குது பாருங்க. அந்த நடையைப் பாருங்க. நிறைமாசக்காரி நடை. முப்பது வருஷமா வார்டுல பாத்த நடை, எனக்குத் தெரியாதா?"

நீளமான வயிற்றை இழுத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், ஒருத்தி போய்க்கொண்டிருந்தாள். ஒரு குழியில் தலையை விட்டுப் பார்த்தாள். பிறகு திரும்பி வயிற்றை உள்ளே இறக்கினாள்.

"ஆனா புள்ளி இல்லையே" என்றார் முத்திரை.

"புள்ளி வெச்சவதான் பெக்கணுமா?" என்றாள் அவள். "எங்க வார்டுல சீட்டு இல்லாமயே எத்தனை பேர் வந்து பெத்துட்டுப் போனாங்க தெரியுமா?"

அப்புறம்தான் எல்லாம் விளங்கியது. நீலப் புள்ளிக்காரிக்கு வயதாகிவிட்டது. கூட்டம் அவளுக்குத் தெரியாமலேயே ஒரு மகளை ராணியாக வளர்த்திருக்கிறது. தாயும் மகளும் கொஞ்ச காலம் ஒரே பெட்டியில் சேர்ந்தே முட்டை இட்டிருக்கிறார்கள். இப்படி நடப்பதுண்டு. அவர் தாயை எடுத்தார், மகள் இருந்தாள். தாயின் குணம் குறையாமல் அவளிடம் இருந்தது. பிப்ரவரியில் சிவப்பு மையில் எழுதினாரே, அந்த முட்டைகளும் இவள் இட்டவைதான். மூன்று ராணிகளையும் இவளுக்காகத்தான் கொன்றார்கள்.

அவர் மூடியை வைத்துவிட்டுத் தொட்டிக் கட்டையில் உட்கார்ந்தார். ஏப்ரல் முடியப் பதினேழு நாள்தான் மிச்சம். கோபப்பட ஆள் கிடைக்கவில்லை. ராணி வளர்ப்பவர் சொன்னது சரி, தபால்காரர் மேல் குற்றமில்லை, ஈக்கள் தங்கள் வேலையைச் செய்தன. பார்க்க வேண்டியதைப் பார்த்து, எழுத வேண்டியதை எழுதி, கடைசியில் "விடப்பட்டது" என்று முடித்த ஒரே ஆள் அவர்.

"எத்தனை நல்ல கல்லைப் பறிமுதல் பண்ணியிருப்பேனோ" என்றார்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு? இறங்குங்க, எனக்கு இந்தக் கோட்டுக்குள்ள வேகுது."

புகார்க் கடிதம் கிழிந்தது. அதற்குப் பதிலாக இரண்டு வரி போனது: "உள்ளே ஒரு ராணி இருந்தாள். தாங்கள் சொன்னது சரி." புது ராணி கேட்கவில்லை. கேட்க முகம் இல்லை. புதியவள் கிடைக்கும்வரை பெட்டி அனாதையாக இருக்கக் கூடாது என்பதால் மகளை உள்ளேயே விட்டுவைத்தார். மறுபடியும் தொலைத்துவிடக் கூடாதே என்று அவள் முதுகில் ஒரு நீலப் புள்ளியும் வைத்தார்.

"இப்ப அவ ராணியாயிட்டாளா?" என்றாள் மனைவி.

ஏப்ரல் 27 அன்று விதைக்கடை ரசீது ஒன்று வந்தது. "29 அன்று ஒருத்தி வருவாள். விலை வேண்டாம், தபால் செலவு உங்களுடையது. இவளையும் கொன்றால் எனக்கு எழுத வேண்டாம்." 28 அன்று மகளை எடுத்தார். புட்டியில் சீட்டு ஒட்டவில்லை. நான்காவது ராணி மே 3 அன்று கூண்டை விட்டு வெளியே வந்தாள். மே 8 அன்று இரண்டு பேரும் மாடிக்குப் போய்ப் பார்த்தார்கள். மஞ்சள் புள்ளி நடந்துகொண்டிருந்தது. அவர் புள்ளியை விட்டுவிட்டு நடையைப் பார்த்தார். சிவப்பு மையைத் தொடவில்லை, கருப்பிலேயே எழுதினார்.

அவள் கூண்டை விட்டு வந்தபோதே ஏப்ரல் கெடு முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. மே முழுக்கப் பழையவை கொட்டின. ஜூன் நடுவில் கொட்டு குறைந்தது. ஜூன் 30 அன்று காலை ஒன்பதரைக்கு முத்திரை சட்டையை மாற்றிக்கொண்டு மாடியில் நின்றார். பத்து மணிக்குச் செயலாளர் வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. கீழே போய் மனைவி விசாரித்துவிட்டு வந்தாள்.

"மக வீட்டுக்குப் போயிருக்காராம். அடுத்த வாரம்தான் வருவாராம்."

"தேதி போட்டது அவரு! முப்பத்து நாலு வருஷத்துல ஒரு தேதி நான் தவறினதுண்டா? மழையில போயிருக்கேன், காய்ச்சல்ல போயிருக்கேன்..."

"அதைப் பெட்டிக்கிட்ட சொல்லுங்க. அதுதான் கேட்டுட்டு நிக்குது."

சோதனை நாள் சோதனை இல்லாமல் போகக் கூடாது. முகவலையைக் கழற்றிவிட்டு, செயலாளர் நிற்க வேண்டிய இடத்தில் தாமே நின்று கடிகாரத்தைப் பார்த்தார். ஏழாவது நிமிடம், கழுத்தில் ஒன்று கொட்டியது. பதிவேட்டில் எழுதினார்.

ஜூலை 6 அன்று செயலாளர் வந்தார். இடது காதை ஒரு கையால் பொத்திக்கொண்டுதான் மாடியேறினார்.

"முப்பதாம் தேதி வர முடியலை, முத்திரை சார். அன்னிக்கு எப்படி இருந்துச்சு?"

மனைவி முத்திரையின் முழங்கையைக் கிள்ளினாள்.

"ஒரு கொட்டு" என்றார் முத்திரை. "ஏழாவது நிமிஷம். கழுத்துல."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். செயலாளர் காதிலிருந்து கையை எடுத்துவிட்டுப் போய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றார். ஈக்கள் அவரைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போயின, வந்தன. ஒன்பதாவது நிமிடம் ஒன்று அதே காதில் வந்து உட்கார்ந்தது. செயலாளர் கண்ணை மூடிக்கொண்டார். அது காதின் விளிம்பில் நடந்து, திரும்பி, பறந்தது. பத்து நிமிடம் முடிந்தது.

"இன்னிக்கு ஒண்ணும் இல்லை. ஆனா முப்பதாம் தேதி ஒண்ணு இருக்கே" என்றார் செயலாளர். "கமிட்டியில வெக்கறேன்."

"வாயால ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள் மனைவி.

"எழுத்துலதான்ம்மா வரும்."

"அதுதான் முறை" என்றார் முத்திரை.

பதின்மூன்று நாள், நாளுக்கு இரண்டு முறை, கீழே இறங்கித் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தார். ஒரு மாடிக்குக் கீழே இருக்கிறவர் கடிதத்தைத் தபாலில்தான் போட்டார். உள்ளே மூன்று வரி: ஜூன் 30 சோதனை உரிய அதிகாரி முன்னிலையில் நடக்காததால் கணக்கில் கொள்ளப்படவில்லை. ஜூலை 6 சோதனையில் கொட்டு இல்லை. பெட்டி இருக்கலாம்.

மனைவி கடிதத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பினாள். "கையெழுத்து இருக்கு. வட்ட முத்திரையைக் காணோமே. செல்லுமா?"

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு பதிவேட்டைத் திறந்து, வெகுநாள் கழித்து, சிவப்பு மைப் பேனாவை எடுத்தார்.

சங்கக் கடிதம். முத்திரை இல்லை. ஏற்கப்பட்டது. வந்து சேர்ந்த தேதி ஜூலை 19.